படுக்கையை நனைக்கும் மகனுடன் வெளியூர் தங்கல்

7 வயது மகன் இன்னும் இரவில் படுக்கையை நனைக்கிறான், அடுத்த மாதம் உறவினர் வீட்டில் தங்கப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். இந்த வயதில் இது அபூர்வமில்லை, அவன் வேண்டுமென்றே செய்வதும் இல்லை.

பயணம் என்றதும் பலர் பகலிலேயே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். தண்ணீர் குறைந்து மலச்சிக்கல் வந்தால் குடல் சிறுநீர்ப்பையை அழுத்தி, நனைப்பது கூடத்தான் செய்யும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பிலிருந்து குறைத்தால் போதும்.

படுக்கையை இரண்டு அடுக்காக விரியுங்கள்: நீர்புகா விரிப்பு, துணி, மறுபடி நீர்புகா விரிப்பு, துணி. நள்ளிரவில் நனைந்தால் மேல் அடுக்கை உருவி ஜிப் பையில் போட்டுவிடலாம். அடியில் காய்ந்த படுக்கை தயார். பெரிய விளக்கைக்கூடப் போட வேண்டியதில்லை. அவன் சம்மதித்தால் இரவு டயப்பரும் போடலாம், தப்பே இல்லை.

இரவில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் கொடுத்தால், கிளம்பும் முன்பே வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம், போடுவதற்கு 1 மணி நேரம் முன்பிலிருந்து அடுத்த 8 மணி நேரம்வரை ஓரிரு மடக்குக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது; இதில் அசட்டை கூடவே கூடாது.

உறவினரிடம் சொல்வதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவன் சரி என்றால் ஒருவரிடம் மட்டும், தனியாகச் சொல்லுங்கள்.