டார்ச்சும் டென்ட் கொட்டகையும்

அன்புள்ள ஐயா,

இரண்டு டார்ச் வெளிச்சத்தைக் குறுக்கே அடித்தால் ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் சக்திவாய்ந்த லேசர் இருந்தால் வெற்றிடத்திலேயே ஒளி ஒளியின்மேல் பட்டுச் சிதறுமாம். லேசரால் வெற்றிடத்தையே கிழித்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா? இதனால் என்ன பயன்? சித்தர்கள் முன்பே சொன்னதுதான் என்கிறான் நண்பன்.

எம்., திருமங்கலம்

தம்பி,

சித்தர்களை விட்டுவிடுங்கள். பயன் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

குறுக்கே டார்ச் அடிப்பது என்றதும் மேலூர்ப் பக்கம் ஒரு டென்ட் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது. புரொஜெக்டர் ஓட்டையிலிருந்து திரைவரைக்கும் வெளிச்சம் ஒரு நீலத் தூணாகப் போகும், அதற்குள் பீடிப்புகை சுருண்டு சுருண்டு ஏறும். எங்கள் சித்தப்பா மூணு செல் டார்ச்சைப் பக்கவாட்டில் அந்தத் தூணுக்குள் அடித்தார், படம் கோணுதா பார்ப்போம் என்று. கோணவில்லை. அந்த வயதில் எனக்குப் பெரிய ஏமாற்றம்.

அந்தத் தூண் வெளிச்சம் இல்லை, புகை. புகையே இல்லாத வெற்றிடத்தில் ஒளி எதன்மேல் பட்டுச் சிதறும்? 1936-இல் ஹைசன்பர்க், ஹான்ஸ் ஆய்லர் என்ற இரண்டு ஜெர்மன் இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டார்கள்: வெற்றிடத்திலும் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் இணை இணையாக, நொடியின் மிக மிகச் சிறிய பங்குக்கு மட்டும் தலைகாட்டி மறைவதால், அவற்றின் வழியாக ஒளி ஒளியை மிக மிக லேசாகத் தொடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது இல்லை என்றே சொல்லிவிடலாம், அவ்வளவு அற்பம்.

'கிழித்துவிட்டார்கள்' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம். வெற்றிடம் கிழிய, அதாவது அந்த இணைகள் நிஜமாகவே வெளியே வந்து விழ, லேசரின் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 1-க்குப் பின் 29 சுழியம் வாட் அளவு வேண்டும். 2021-இல் தென்கொரியாவில் எட்டியது 1-க்குப் பின் 23 சுழியம். இன்னும் ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு பாக்கி! பத்து ரூபாய் வைத்துக்கொண்டு கோடி ரூபாய் வீட்டுக்குக் கிரயம் முடித்துவிட்டேன் என்று சொல்வானா ஒருவன்? வீடியோக்காரர் சொல்வார், நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்? சுழியங்களை எண்ணிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது.

சரி, ஒளி ஒளியில் சிதறுவதைப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். 2019-இல், ஜெனீவா அருகே உள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தில், துகள் மோதல்களைப் பதிவுசெய்யும் அட்லஸ் கருவியில். ஆனால் லேசரால் அல்ல. ஈய அணுக்கருக்களை ஒளிவேகத்தை ஒட்டி ஓடவிட்டு, மோதாமல் உரசிப் போகும்போது அவற்றைச் சுற்றிய மின்புலம் ஒளிபோல நடந்துகொண்டதால் கிடைத்தது. லேசர் வழியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் பக்கம் முயல்கிறார்கள்: ஒரு புள்ளியில் லேசரைக் குவித்து, அதனூடே எக்ஸ்ரே கதிரை அனுப்பி, அதன் அதிர்வுத் திசை துளியாவது திரும்புகிறதா என்று பார்ப்பது. அங்கேயும் பெரிய தொந்தரவு புகைதான், கலத்துக்குள் மிச்சமிருக்கும் காற்று மூலக்கூறுகள். அவையும் ஒளியைச் சிதறடிக்கும், வெற்றிடம் செய்ததா காற்று செய்ததா என்று பிரித்துச் சொல்லியாக வேண்டுமே. எங்கள் கொட்டகையில் பீடியை அணைக்கச் சொன்னாலே சண்டை வரும்.

சித்தப்பாவின் டார்ச்சை ஆபரேட்டர் இறங்கிவந்து பிடுங்கிக்கொண்டு போனார். இடைவேளையில் திருப்பித் தந்தார், செல் இல்லாமல்.