நகைச்சீட்டை நிறுத்திவிட்டுச் சத்தான சாப்பாடு வாங்கலாமா?

கேள்வி: தேனியிலிருந்து வந்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வருமானம் மாதம் 16,000 ரூபாய். வாடகை, குழுக்கடன் போக நகைச்சீட்டுக்கு 1,500 கட்டுகிறேன். இன்னும் மூன்று மாதம் பாக்கி. மனைவிக்கு ரத்தசோகை. மூன்று வயது மகள் எடை குறைவு. அவளுக்கு மாதம் 400 ரூபாய்க்குச் சத்துபான டப்பா வாங்குகிறேன். மகன் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ரேஷன் அட்டை ஊரில் இருப்பதால் அரிசி, பருப்பு எல்லாமே கடையில்தான். சீட்டை நிறுத்தலாமா?

பதில்: சீட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் ரேஷன் அட்டையைப் பார்ப்போம். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம். முகவரி மாற்றத் தேவையில்லை. அட்டையுடன் போய் விரல்ரேகை வைத்தால் போதும். உங்களுடையது அரிசி அட்டை என்றால் நான்கு பேருக்கு 20 கிலோ வரை அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கடையில் அரிசி கிலோ 50 என்று வைத்தாலும் அதிலேயே மாதம் 1,000 ரூபாய் மிஞ்சும். டப்பாவையும் நிறுத்துங்கள், இப்படிப்பட்ட பல டப்பாக்களில் சர்க்கரை அதிகம். ஆக 1,400 ரூபாய் கையில் நிற்கும். அதை அப்படியே முட்டை, நிலக்கடலை, பயறு, முருங்கைக்கீரைக்குக் கொடுங்கள். வேறெதற்கும் திருப்பாதீர்கள்.

மகளை அங்கன்வாடியில் சேருங்கள். மதியச் சாப்பாடு, வாரம் மூன்று முட்டை, சத்துமாவு எல்லாம் கிடைக்கும், எடையும் பார்ப்பார்கள். மகனை அரசுப் பள்ளிக்கு மாற்ற மனமிருந்தால் காலை உணவும் முட்டையோடு மதிய உணவும் அங்கேயே ஆகிவிடும், கட்டணமும் மிச்சம். ஆனால் அது நீங்கள் குடும்பமாக எடுக்க வேண்டிய முடிவு.

அப்புறம் உங்கள் மனைவி. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பணம் இறுகும்போது வாடகையும் தவணையும் குறைவதில்லை, அம்மாவின் தட்டுதான் குறைகிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை. வாங்கும் முட்டையில் அவருக்கும் ஒன்று என்று இப்போதே முடிவு செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசம். மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ வேண்டாம்.

சரி, சீட்டு. மூன்று மாதம்தானே, கட்டி முடியுங்கள். பாதியில் விட்டால் போனஸ் போகலாம். முடிந்ததும் புதுச் சீட்டு போடாமல், அந்த 1,500-இல் குழுக்கடனை வேகமாக அடையுங்கள். இதற்கிடையில் மகளின் எடை இரண்டு மாதத்தில் ஏறவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.