பாங்காக்கில் மாலை ஆறு மணிக்கு மேல்

மீட்டிங் முடிந்ததும் பாங்காக்கின் அசோக் பகுதிக்குப் பக்கத்து ஹோட்டலிலேயே அடைந்து கிடக்கிறேன், பன்றியும் மாடும் சாப்பிட மாட்டேன், எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அறையில் கிடக்காதீர்கள். சுகும்வித் ஸ்டேஷனில் நீல வழித்தட மெட்ரோ ஏறினால், வண்டி மாறாமலே வாட் மங்கோன் போய்விடலாம். 2019-இல் திறந்த ஸ்டேஷன். அங்கிருந்து யாவரத், அதாவது சைனா டவுன், நடக்கிற தூரம்தான். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், நிறைய தள்ளுவண்டிகள் அன்று லீவு.

முதலில் ஹோய் தாட் சாப்பிடுங்கள். காய்ந்த இரும்புக்கல்லில் மாவை ஊற்றி, சிப்பியைத் தூவி, முட்டையை உடைத்துவிட்டு, ஓரம் மொறுமொறுவென்று சிவக்கும்வரை விடுவார்கள். முளைப்பயறோடு தட்டில் விழுந்த கையோடு சாப்பிட்டால்தான் ருசி. அப்புறம் பூவா லோய்: கறுப்பு எள் பூரணம் வைத்த கொழுக்கட்டை உருண்டை, சுள்ளென்ற இஞ்சித் தண்ணீரில் மிதக்கும். எனக்கு அந்தத் தெருவிலேயே பிடித்தது அதுதான்.

மிளகு நெடி தூக்கும் சுருள் நூடுல்ஸ் சூப் பன்றிக் குழம்பு, அதைத் தவிர்த்துவிடுங்கள். "மாய் கின் மூ, மாய் கின் நுவா" என்றால் பன்றியும் மாடும் சாப்பிட மாட்டேன் என்று புரிந்துகொள்வார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து பறக்கிற கடையில் கறி, மீன் எதுவும் சேராது; பூண்டுகூடக் கிடையாது.

வேலை சீக்கிரம் முடிகிற நாளில் அசோக் படகுத்துறையிலிருந்து சேன் சேப் கால்வாய்ப் படகில் பிரதூநாம் துறை வரை போங்கள். தண்ணீர் தெறித்தால் பக்கத்துத் தார்ப்பாயைக் கயிறு இழுத்து நீங்களே உயர்த்த வேண்டும். சில்லறையாகப் பாட் (தாய்லாந்துப் பணம்) நோட்டு கையில் இருக்கட்டும்.