பீரோ சாவியை முதலில் கொடுங்கள், டீச்சர்

கேள்வி:

எனக்கு 51 வயது. கோத்தகிரி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் வேலை. 2002இல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, பிறகு பட்டதாரி ஆசிரியை ஆனேன். எச்.எம். பணியிடம் காலியானபோது நான்கு வருடம் பொறுப்பு எச்.எம். நான்தான். 2009 மண்சரிவில் வீடிழந்தவர்களைப் பள்ளியில் தங்கவைத்துச் சோறு போட்டதிலிருந்து வகுப்பறைக் கூரை மாற்றியது வரை எல்லாவற்றிலும் என் கை இருக்கிறது. டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு தொடர்பான வழக்குகளால் பதவி உயர்வு நின்றுபோனது. 2025 நவம்பரில் டெட் எழுதினேன், தேறவில்லை. அடுத்த அடியாக, என்னைவிட ஆறு வயது இளையவர் ஒருவர் இடமாறுதலில் எச்.எம். ஆக வந்துவிட்டார். நிர்வாகம் தெரியாதவர். போன வாரம் எஸ்டேட்டில் வேலை செய்யும் ஓர் அம்மா டி.சி. கேட்டு வந்தார். எச்.எம். சேர்க்கைப் பதிவேட்டைத் தேடிவிட்டு, இரண்டு நாள் கழித்து வரச்சொல்லி அனுப்பிவிட்டார். அது இருக்கிற பீரோவின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) கொடுத்துவிட்டு வா என்கிறார். மகள் கோவையில் பி.எட். படிக்கிறாள், அவளிடம் தேர்வு முடிவைச் சொல்லவில்லை. இந்த அடிகளிலிருந்து நான் மீண்டு எழுவது எப்படி?

பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்:

டீச்சர், இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. கூடலூரிலிருந்து வரும், கொடைக்கானலிலிருந்து வரும், கீழே சமவெளியிலிருந்தும் வரும். பதவி உயர்வுப் பேனலில் பேர் விட்டுப்போனது, ஜூனியர் மேலே வந்து உட்கார்ந்தார், ரிசல்ட் குறைந்ததற்கு மீட்டிங்கில் நிற்கவைத்துக் கேட்டார்கள். உங்கள் உழைப்பு வீண்போகாது, காலம் பதில் சொல்லும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்ல உங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே ஆள் இருக்கும். நான் நேரே அந்த பீரோ சாவிக்கு வருகிறேன்.

நீங்கள் அதை எழுதியது புதிய எச்.எம்.முக்கு நிர்வாகம் தெரியாது என்று காட்டுவதற்காக. எனக்கு அதில் தெரிந்தது வேறு. டி.சி. கேட்டு ஒரு தாய் வந்து நிற்கிறார். சாவி உங்கள் கைப்பையில் இருக்கிறது. நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அவர் திண்டாடட்டும் என்றுதானே? இல்லை, மறந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். மறந்தவர் அதைக் கடிதத்தில் எழுத மாட்டார்.

அந்தப் பிள்ளை எந்த வகுப்பு? ஆணா, பெண்ணா? குடும்பம் எங்கே போகிறது? பசுந்தேயிலை விலை விழுந்து கிடக்கும் மலையிலிருந்து திருப்பூருக்கோ கோவைக்கோ இறங்குகிறார்களா? ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து ஊர் திரும்புகிறவர்களா? நீங்கள் எழுதவே இல்லை. கூரை மாற்றிய கதைக்கு உங்கள் கடிதத்தில் இடம் இருந்தது, அந்தப் பிள்ளைக்கு இல்லை. இலை பறிக்கிற பெண்ணுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போனது. தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து, வெறுங்கையோடு திரும்பி, இரண்டு நாள் கழித்து இன்னொரு கூலியையும் விட்டுவிட்டு வர வேண்டும். உங்கள் கோபத்துக்குச் சம்பளம் கொடுத்தது அந்த அம்மா.

சட்டம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவு. வேறு பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு எச்.எம். உடனே டி.சி. தர வேண்டும், தாமதித்தால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவார். அந்தத் தாய் யாரிடமாவது புகார் கொடுத்திருந்தால் மெமோ யார் பேருக்கு வந்திருக்கும்? உங்கள் பையில் இருக்கும் சாவிக்காகப் புதிய எச்.எம். விளக்கம் எழுதிக் கொடுத்திருப்பார். டி.சி. வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் ஒரு தோட்டத் தொழிலாளி திருப்பூர் பள்ளி வாசலில் நின்று சட்டப் பிரிவு சொல்லி வாதாடப் போவதில்லை. "நாளைக்கு வாங்க" என்பார்கள், திரும்பிவிடுவார்.

அந்த பீரோவில் இருப்பது வெறும் பழைய நோட்டு இல்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து உங்கள் மலையில் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வயதை நிரூபிக்க வேண்டுமென்றால், படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத்தான் தேடி வருவார்கள். நான்கு வருடம் பொறுப்பில் இருந்த உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

சரி, புதிய எச்.எம். மேலும் தப்பு இருக்கிறது. பதிவேடு கிடைக்கவில்லையென்றால் கௌரவம் பார்க்காமல் பழைய பொறுப்பாளரிடம் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். பொறுப்பேற்ற அன்றே பட்டியல் போட்டு வாங்கியிருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கடிதம் எழுதியது அவரில்லை.

எனக்குக் குடும்பம், கடமை என்றெல்லாம் கொஞ்சம் பழைய நம்பிக்கைகள் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. மருமகள் வந்த பிறகும் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "அவளுக்கு ஒண்ணும் தெரியலை" என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிற மாமியார்களைப் பார்த்திருப்பீர்கள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்லித்தராதவர் யார்? அவரேதான். மூத்தவர்கள் கையில் இருப்பதைக் கேட்காமலே எடுத்துக் கொடுக்க வேண்டும், பக்கத்தில் நின்று பழக்கிவிட வேண்டும். வீட்டிலும் அப்படித்தான், பள்ளியிலும் அப்படித்தான். இதில் வயது சின்னவரா, நமக்கு வர வேண்டிய நாற்காலியா என்ற கணக்கெல்லாம் எனக்கு ஏறாது.

உங்களுக்கும் முன்பு ஏறியதில்லை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி என்று மலை முழுக்கச் சரிந்தபோது பள்ளியைத் திறந்துவிட்டு, சத்துணவுக் கூடத்தில் அடுப்பு மூட்டியதை எழுதியிருக்கிறீர்கள். அப்போது நீங்கள் எச்.எம். இல்லை, பொறுப்பு எச்.எம். கூட இல்லை. ஆசிரியை, அவ்வளவுதான். யாரும் உங்களுக்கு ஆர்டர் போட்டுத் தரவில்லை. அப்புறம் வந்த நான்கு வருட நாற்காலி உங்களை இந்தளவு மாற்றிவிட்டது என்றால், அது போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

நாளைக்கே போய்ச் சாவியைக் கொடுங்கள். வெறுமனே மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். முறையாகப் பட்டியல் எழுதுங்கள்: சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடுகள், டி.சி. அடிக்கட்டைகள், ரொக்கப் புத்தகம், இருப்புப் பதிவேடு, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகம், வங்கிப் புத்தகம், எமிஸ் (பள்ளிக் கல்வி இணையப் பதிவு) லாகின் விவரம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஆடிட்டில் ஒரு நோட்டைக் காணோம் என்றால் உங்களைக் காப்பாற்றப்போவதும் அந்தக் காகிதம்தான். எந்த வருடத்துப் பதிவேடு எந்தத் தட்டில் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். அந்த அம்மா மறுபடி வந்தாரா என்று விசாரியுங்கள். வரவில்லையென்றால் டி.சி.யைத் தயார் செய்து, சக ஆசிரியர் யாரையாவது கூட்டிக்கொண்டு லயனுக்குப் போய்க் கொடுங்கள். இந்த ஒரு வேலையில் "அது எச்.எம். பார்க்க வேண்டியது" என்ற பேச்சு வேண்டாம்.

இனி டெட். 24 வருடம் பாடம் நடத்தியவரை மறுபடி தேர்வு எழுதச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கும் குறைவாக இருப்பவர்கள் டெட் இல்லாமல் வேலையில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. அதற்கு மேல் சர்வீஸ் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும். உங்களுக்கு ஓய்வு 60 வயதில், இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. ஆக இது பதவி உயர்வுப் பிரச்சினை மட்டும் இல்லை, வேலையே இதில் இருக்கிறது. 2027 ஆகஸ்ட் முடிவதற்குள் தேறியாக வேண்டும். சீராய்வு, சட்டத் திருத்தம் என்று சங்கங்கள் பேசட்டும், பேசத்தான் வேண்டும். நீங்கள் அதை நம்பிப் புத்தகத்தை மூடி வைக்காதீர்கள்.

இன்னொன்று கவனித்தீர்களா? புதிய எச்.எம்.முக்கு 45 வயது என்றால் ஓய்வுக்கு 15 வருடம் இருக்கிறது. டெட்டைக் கட்டாயமாக்கிய 2010 ஆகஸ்ட் 23 அறிவிக்கைக்கு முன்பு வேலையில் சேர்ந்து, டெட் எழுதாதவர் என்றால், அவர் கழுத்திலும் அதே கத்திதான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக யாரும் அவரை விட்டுவிடப் போவதில்லை. நீங்கள் ஒருமுறை எழுதிப் பார்த்தவர். எந்தப் பகுதியில் நேரம் போனது, எந்தக் கேள்வியில் தடுமாறினோம் என்று சொல்ல உங்களிடம் விஷயம் இருக்கிறது. சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து படித்தால் என்ன குறைந்துவிடும்?

மகளிடம் மறைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. பி.எட். முடித்தால் அவளும் இதே தேர்வைத்தானே எழுதப்போகிறாள்? இரண்டாம் தாளில் 150 கேள்வி, அதில் குழந்தை வளர்ச்சிக்கு மட்டும் 30. அந்தப் பாடத்தை அவள் இப்போது வகுப்பில் படித்துக்கொண்டிருக்கிறாள். தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை, அதனால் ஒரு கேள்வியையும் விடக் கூடாது என்பதெல்லாம் அவள் விரல்நுனியில் வைத்திருப்பாள். அம்மா தேறவில்லை என்பது வெளியாள் யாராவது சொல்லித் தெரியவந்தால், நாளை அவளுக்கு ஒரு சறுக்கல் வரும்போது அவளும் உங்களிடம் மறைப்பாள். இன்றைக்கு ராத்திரி போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். கூடவே அவளுடைய நோட்ஸைக் கேளுங்கள். பெற்றவள் பிள்ளையிடம் பாடம் கேட்பதில் ஒரு அவமானமும் இல்லை.

உங்கள் வீட்டுக்காரர் வி.ஆர்.எஸ். கொடுக்கச் சொல்வது நீங்கள் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல். நல்ல மனுஷர். ஆனால் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். 2003 ஏப்ரலுக்கு முன்பு சேர்ந்ததால் பழைய பென்ஷனில் இருக்கிறீர்கள், 20 வருட சர்வீஸும் தாண்டிவிட்டது. மூன்று மாத நோட்டீஸ் கொடுத்தால் வெளியே வந்துவிடலாம், வழி சுலபம்தான். அந்தச் சுலபம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. முன்கூட்டியே வந்தால் பென்ஷனும் குறையும், மகளுக்கு இன்னும் வேலை ஆகவில்லை. அடுத்த டெட்டை எழுதுங்கள். அதன் முடிவு வந்த பிறகும் அதே எண்ணம் இருந்தால், இரண்டு பேரும் உட்கார்ந்து பென்ஷன் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதுவரை அந்த விண்ணப்பத்தை எழுத வேண்டாம்.