முதலில் கேமைச் சொல்லுங்கள், அப்புறம் பிசியைப் பார்க்கலாம்

வருகிற கேள்விகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கின்றன: "இவ்வளவு ரூபாய்க்கு நல்ல கேமிங் பிசி சொல்லுங்க." எந்த கேம் ஆடப்போகிறீர்கள் என்பது அதில் இருப்பதில்லை. விண்டோஸா லினக்ஸா, எந்த மதர்போர்டு, தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது அந்த ஒரு விவரம்தான். அதனால் கேம் பெயரோடு எழுதியவர்களையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

காசிமேடு, கல்லூரி மாணவர்: அண்ணா, ரிச்சி ஸ்ட்ரீட்ல ஐ7, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 18,000-க்குத் தர்றேன்னு சொல்றாங்க. வேலரண்ட் ஆடத்தான். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. ஐ7 என்பது பிராசசரின் வரிசைப் பெயர்தான், அதற்குப் பின்னால் என்ன எண் என்று கேட்டீர்களா? இந்த விலைக்கு வருவது பெரும்பாலும் 2600 அல்லது 3770. முதலாவது 2011-ல் வந்தது, அடுத்தது 2012-ல். 2022-ல் வந்த ஐ3 12100எஃப்-பிலும் அதே நாலு கோர், எட்டு த்ரெட்தான், ஆனால் வேகத்தில் அந்தப் பழைய ஐ7-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஸ்டிக்கரில் இருக்கும் 3, 5, 7-ஐ விட அதற்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம்.

வேகத்தை விடப் பெரிய சிக்கல் வேன்கார்ட். வேலரண்டோடு வரும் இந்த ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுபவர்களைத் தடுக்கும் சாஃப்ட்வேர்), விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வசதி, நம்பகமான சிஸ்டத்தை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் இரண்டையும் கேட்கும். 3770 காலத்து போர்டுகளில் டிபிஎம் 2.0 இல்லை. கடையில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருவார்கள். டெஸ்க்டாப் வரும், யூடியூப் ஓடும். வீட்டுக்கு வந்து வேலரண்டைத் திறந்தால் 'வேன் 9001' என்று எரர் காட்டி நிற்கும். சரி, விண்டோஸ் 10 போட்டுக்கொள்ளலாமா என்றால், அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. இன்று காசு போட்டு அதற்குள் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்னும் கொஞ்சம் சேர்த்து, ரைசன் 5 5600ஜி பிராசசர் போட்டு அசெம்பிள் செய்யுங்கள். கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் இப்போதைக்குத் தனி கார்டு தேவையில்லை. வேலரண்ட், லோ செட்டிங்கில் நொடிக்கு நூறு ஃபிரேமைத் தாண்டும். ஒரே நிபந்தனை, ராமை இரண்டு 8 ஜிபி குச்சிகளாகப் போட வேண்டும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி இல்லை, ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. ஒற்றைக் குச்சி என்றால் வழி பாதியாகிவிடும். ராம் விலை ஏறிக்கிடக்கும் நேரத்தில் "ஒண்ணு போதும் சார்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பயாஸில் (பிசி ஆன் ஆகும்போதே திறக்கும் போர்டின் செட்டிங்) எக்ஸ்எம்பி-யை ஆன் செய்தால்தான் பெரும்பாலும் 3200 ராம் 3200-ல் ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம். இன்டெல் பக்கம் போவதானால், எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு வாங்கியே ஆக வேண்டும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் விண்டோஸில் 'எம்எஸ்இன்ஃபோ32' அடித்து, செக்யூர் பூட் 'ஆன்' என்று காட்டுகிறதா பாருங்கள். டிஸ்க்கைப் புதிய ஜிபிடி முறையில் போடாமல் பழைய எம்பிஆர் முறையில் ஃபார்மேட் செய்து தந்திருந்தால் அது ஆன் ஆகாது. கிராக் விண்டோஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆக்டிவேட் செய்யும் அந்த டூலுக்கு ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அதன் பிறகு உங்கள் கேம் அக்கவுண்டுக்கும் ஜிபே-க்கும் காவல் இருக்காது.

வியாசர்பாடி, பத்தாம் வகுப்பு: பிஜிஎம்ஐ-யை பிசியில் ஆட முடியுமா?

முடியும் என்று வீடியோக்கள் நிறைய இருக்கும். அது மொபைலுக்கான கேம். எமுலேட்டரில் (பிசியை மொபைல் போல் நடிக்க வைக்கும் சாஃப்ட்வேர்) ஓட்டினால் அக்கவுண்ட் போகும் அபாயம் உண்டு. அதற்காகப் பிசி வாங்கித் தரச் சொல்லி வீட்டில் கேட்காதே கண்ணா.

திருவொற்றியூர், கடைத்தெரு அருகே: கேபினட்டைத் தொட்டா லேசா கரண்ட் அடிக்குது. எஸ்எம்பிஎஸ் மாத்தியும் போகல. ராமையும் அடிக்கடி கழட்டி மாட்டினாத்தான் டிஸ்ப்ளே வருது.

இந்தக் கேள்விக்கு எல்லோரும் நின்று காது கொடுக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மேல் தப்பில்லை, வீட்டில் எர்த் இல்லை.

எஸ்எம்பிஎஸ்-க்குள் மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்டச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவை ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட் உடம்புக்கு இணைக்கப்பட்டிருக்கும். அந்த உடம்பு எர்த்தோடு சேர்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. எர்த் இல்லையென்றால், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட பாதி அந்தத் தகரத்தில் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு போகிறது. ஆனால் உள்ளே உண்மையாகவே ஏதாவது ஷார்ட் ஆனால், ஃபியூஸ் போக வைக்க எர்த் இருக்காது, தொட்டவர்தான் எர்த். ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் டிவியின் போர்ட்டும் போகலாம்.

நம் பக்கத்துப் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். சிலர் நியூட்ரலையே எர்த் பின்னில் லூப் போட்டு "அடிக்காது பாருங்க" என்று காட்டிவிட்டுப் போவார்கள். அது உயிருக்கே ஆபத்து. எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் கேபினட்டுக்கு வந்துவிடும். தனி எர்த், கூடவே ஒரு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்). கிராபிக்ஸ் கார்டுக்கு எடுத்துவைத்த பணத்திலிருந்து எடுத்தாவது இதை முதலில் செய்யுங்கள்.

ராம் விஷயம் கடல் காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்து ராமின் தங்க நிறப் பற்களில் மங்கலாகப் படிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குச்சியைக் கழற்றி, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மாட்டுங்கள். கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பிசியை வாரக்கணக்கில் அணைத்து வைக்க வேண்டாம். தினம் கொஞ்ச நேரம் ஓடினால் அந்தச் சூட்டிலேயே உள் ஈரம் காய்ந்துவிடும். கேபினட் தரையில் வேண்டாம், மேஜை மேல் இருக்கட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

பழைய வண்ணாரப்பேட்டை: 200 எம்பிபிஎஸ் லைன் போட்டிருக்கேன். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ல சாயங்காலம் ஆனா பிங் 100-ஐத் தாண்டுது. நெட்டை இன்னும் பெரிய பிளானுக்கு மாத்தணுமா?

பிளானை மாற்றாதீர்கள். ஆன்லைன் கேம் ஆடும்போது போய்வரும் டேட்டா பெரும்பாலும் ஒரு எம்பிபிஎஸ் கூட இருக்காது. பிங் என்பது போய்வரும் நேரம், அகலமான குழாய் போட்டால் அது குறையாது. கவுண்டர்-ஸ்ட்ரைக்குக்குச் சென்னையிலேயே அதை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் சர்வர் இருக்கிறது. வேலரண்டுக்கு மும்பை. சிங்கப்பூர் சர்வரில் ஆடினாலும் நமக்கு அவ்வளவு மோசமில்லை, கடலடி கேபிள் சென்னையிலிருந்தே போகிறது. 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள கேபிளில் ஒளி போய்வரவே 30 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், அதை எந்த பிளானும் குறைக்காது.

உங்கள் 100 எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சாயங்காலம் கமாண்ட் பிராம்ப்டில் உங்கள் ரூட்டரையே பிங் செய்யுங்கள், பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும். அதுவே 20, 50 என்று குதித்தால் கோளாறு வீட்டுக்குள், வைஃபையில். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் எல்லோருடைய ரூட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதிக்கொள்கிறது. ஒன்றன்மேல் ஒன்று படாத சேனல்கள் அதில் மூன்றே மூன்று: 1, 6, 11. அதனால் ரூட்டரிலிருந்து பிசிக்கு ஒரு கேட் 6 லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். சுத்தச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள், செம்பு பூசிய அலுமினியத்தையும் அதே பெயரில் விற்கிறார்கள். கேபிள் போட்டும் ஏறினால், அந்த நேரத்தில் யாருடைய போனாவது போட்டோக்களை பேக்கப் ஏற்றுகிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் லைன் கொடுத்தவரிடம் போய் நில்லுங்கள்.

பெரம்பூர்: ஏழாம் தலைமுறை ஐ5, 1050 டிஐ கார்டு. விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. லினக்ஸ் போட்டால் கேம் ஓடுமா?

எந்த கேம் என்று நீங்களும் சொல்லவில்லையே! டோட்டா 2, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்றால் தயங்காமல் லினக்ஸ் மின்ட் போடுங்கள், இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. தனியாக ஆடும் கேம்களில் பெரும்பகுதி, 2018-ல் வால்வ் கொண்டுவந்த புரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் சாஃப்ட்வேர்) வழியாக, வால்வின் கேம் கடையான ஸ்டீமில் நன்றாகவே ஓடும்.

ஆன்லைன் கேம்களில்தான் இடிக்கும், காரணம் ஆன்டி-சீட். வேலரண்டும் ஃபோர்ட்நைட்டும் லினக்ஸில் இல்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸை வெளியே தள்ளிவிட்டார்கள். ஜிடிஏ ஆன்லைனும் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட் வந்ததோடு போய்விட்டது. கதவைச் சாத்தியவர்கள் கேம் நிறுவனங்கள், லினக்ஸ் அல்ல. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு, நம் வீடுகளில் இருக்கும் எத்தனையோ நல்ல மெஷின்கள் இதனால்தான் பழைய சாமான் ஆகின்றன. உங்கள் கேம் ஓடுமென்றால் இந்தப் பிசிக்கு இன்னும் சில வருஷம் ஆயுள் உண்டு. பழைய டிஸ்க்கை அழிக்காமல், சின்ன எஸ்எஸ்டி ஒன்று வாங்கி அதில் மின்ட் போட்டு ஒரு மாதம் ஆடிப்பாருங்கள்.

கொடுங்கையூர், ஒரு அம்மா: பொண்ணு இன்ஜினியரிங் சேர்றா, கேமும் ஆடுவா. லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் லேப்டாப் அம்மா, காலேஜுக்கு எடுத்துப்போக வேண்டியிருக்கும். கடையில் கிராபிக்ஸ் கார்டின் பெயரோடு எத்தனை வாட் என்றும் கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலும் வருகிறது, 115 வாட்டிலும் வருகிறது, இரண்டுக்கும் வேகம் ஒன்றல்ல. ராம் ஸ்லாட் இரண்டு இருக்கிறதா, பின்னால் கூட்டிக்கொள்ள முடியுமா என்பதையும் பார்த்துவிடுங்கள். மெத்தை மேல் வைத்து ஆட வேண்டாம் என்று பொண்ணிடம் சொல்லுங்கள், அடியில் காற்று போகாது.

தண்டையார்பேட்டை: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். பழசுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல.

விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ரெஃப்ரெஷ் ரேட் (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது) எவ்வளவு என்று பாருங்கள். 60-லேயே நின்றிருக்கும், 144-க்கு மாற்றுங்கள். 144 அங்கே வரவேயில்லை என்றால் டிஸ்ப்ளே போர்ட் கேபிள் போடுங்கள். கார்டு இருக்கும்போது கேபிளைப் போர்டில் செருகியிருந்தால் அதையும் பிடுங்கி கார்டில் மாட்டிவிடுங்கள்.