நெடுந்தீவுக்கு ஒருநாள்: கேளுங்கள், சொல்கிறேன்

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துக் கடலில் இருக்கிற நெடுந்தீவில் பிறந்து, அங்கேயே பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். விடுமுறைக்குப் போகப்போகிறவர்கள் நிறையக் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

ரீச்சர், யாழ்ப்பாணத்திலிருந்து எப்படிப் போவது? ஒரே நாளில் திரும்பலாமா? (கோயம்புத்தூரிலிருந்து)

திரும்பலாம், விடிய எழும்பினால். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 பஸ் ஏறுங்கள். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறையில் விடும். அங்கிருந்து படகில் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். திரும்பிவரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று, நெடுந்தீவு இறங்குதுறையான மாவிலித்துறையில் இறங்கும்போதே படகில் கேட்டுவிடுங்கள். நேரம் காற்றைப் பொறுத்து மாறும், தவறவிட்டால் இரவு தீவில்தான்.

மகளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. எந்த மாதம் நல்லது? (கொழும்பு)

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை. மே மாதம் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கினால் செப்டம்பர் வரை அலை தூக்கிப் போடும். கீழ்த்தட்டில் டீசல் மணம் அடிக்கும், பிள்ளையைக் காற்றுப் படுகிற பக்கமாக இருத்துங்கள். குடிதண்ணீர் கையோடு கொண்டு போங்கள். தீவில் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உவர், சாராப்பிட்டிப் பக்கம்தான் நல்ல தண்ணீர்.

அம்மா அடிக்கடி சொல்லும் கல்மதில்களைப் பார்க்க வேண்டும். எங்கே இருக்கின்றன? (ரொறன்ரோ)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எங்கே என்று தேடவே தேவையில்லை பிள்ளை, ஒழுங்கைக்கு ஒழுங்கை அதுதான் வேலி. எங்கள் நிலத்தில் மண்ணைவிட முருகைக்கல் அதிகம், தோட்டம் செய்யவேண்டுமானால் முதலில் கல்லைப் பொறுக்க வேண்டும், பொறுக்கிய கல்லை எங்கே போடுவது, காணியைச் சுற்றி அடுக்கிவிட்டார்கள், ஆடு மாடு உள்ளே வராமலும் ஆயிற்று. சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. ஒரு கல்லின் பள்ளத்தில் அடுத்ததன் மேடு உட்காரும்படி திருப்பித் திருப்பிப் பார்த்து வைப்பார்கள். எங்கள் அப்பு ஒரு கல்லைக் கையில் எடுத்தால் மூன்று தரம் உருட்டிப் பார்க்காமல் வைக்கமாட்டார். இடைவெளியால் காற்றுப் போய்விடுவதால் சோளகத்துக்கும் விழாது. கிட்டப் போய்ப் பாருங்கள், ஒரு கல்லில் தேன்கூட்டுக் கண்கள் போலச் சின்னச் சின்னக் குழிகள், பக்கத்துக் கல்லில் மூளை மடிப்புப் போல வளைந்த வரிகள். அத்தனையும் ஒருகாலம் கடலுக்குள் உயிரோடிருந்த பவளம்.

ஞாபகத்துக்கு என்று ஒரு கல்லைக்கூட உருவாதீர்கள். ஒன்றை உருவினால் அதன் மேலிருப்பவை எல்லாம் சரியும், திரும்ப அடுக்கத் தெரிந்த கைகள் இப்போது குறைவு.

குதிரைச் சவாரி செய்ய முடியுமா? (சென்னை)

முடியாது. அவை யாருடைய குதிரைகளும் அல்ல. ஐரோப்பியர் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை, இப்போது தெற்கு வெளியில் தானாகத் திரிகின்றன. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி குதிரைப் பண்ணையைப் பார்த்துக்கொண்டார். லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. வறட்சியில் தண்ணீர் இல்லாமல் குதிரைகள் சாகிற ஊர் அது. துரத்திப் படமெடுக்க வேண்டாம், தூர நின்று பாருங்கள்.

டச்சுக் கோட்டைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? (மட்டக்களப்பு)

முக்கால் மணித்தியாலம். ஆனால் அது போர்த்துக்கேயர் கட்டியது என்பதுதான் என் எண்ணம்.

அதே ஆள்: எல்லோரும் டச்சுக் கோட்டை என்றுதானே எழுதுகிறார்கள்? தீவின் பெயரே டெல்வ்ற் ஆயிற்றே?

அங்கேதான் பிழை தொடங்குகிறது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், மாடுகள் நிறைந்திருந்ததால் எங்கள் தீவைப் பசுத்தீவு என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். டச்சுக்காரர் வந்தது 1658இல். வந்தபிறகு தங்கள் ஊர்ப் பெயர்களைத் தீவுகளுக்கு வைத்தார்கள், வேலணைக்கு லைடன், எங்களுக்கு டெல்வ்ற். மற்றப் பெயர்கள் வழக்கொழிந்தன, எங்களுடையது ஒட்டிக்கொண்டது. அதனால் தீவில் பழசாக எதைக் கண்டாலும் டச்சு என்று சொல்லிவிடுகிறோம். யாழ்ப்பாணத்து டச்சுக் கோட்டையைப் பாருங்கள், ஐந்து முனை, முனைக்கொரு கொத்தளம். எங்களுடையது தடித்த சுவர் வைத்த இரண்டு தட்டு வீடு மாதிரி.

இன்னொருவர்: டச்சுக்காரரும் சின்னக் கட்டடங்கள் கட்டினார்களே ரீச்சர். வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்லலாமா? (வவுனியா)

நியாயமான கேள்வி. வடிவம் மட்டும் போதாது, ஒத்துக்கொள்கிறேன். டச்சுக்காரர் அதில் இருந்தார்கள், திருத்தியும் இருப்பார்கள். கட்டியவர்கள் அவர்கள் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. யார் கட்டினாலும் கல் எங்கள் முருகைக்கல், சுமந்ததும் எங்கள் சனம்தான், அதையாவது அங்குள்ள அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கலாம். சுவரில் ஏறாதீர்கள், பெயர் கீறாதீர்கள், கல் உதிர்கிறது.

கடைசிப் படகு எத்தனை மணிக்கு? (மூன்று பேர்)

முதல் பதிலை வாசியுங்கள்.

பெருக்குமரம் தூரமா? (திருச்சி)

இல்லை, ஆட்டோக்காரரிடம் சொன்னால் விடுவார். ஆப்பிரிக்க மரம், அரபு வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். அடிமரப் பொந்துக்குள் ஆள் நுழையலாம்.

அதே நாளில் நயினாதீவு? (லண்டன்)

வேண்டாம். படகும் குறிகட்டுவானில்தான், இருபது நிமிடம்தான், ஆனாலும் அங்குள்ள நாகபூசணி அம்மன் கோயிலுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். இரண்டையும் சேர்த்தால் கடைசிப் படகு போய்விடும். இதை நான்காவது தரம் சொல்கிறேன்.

குமுதினி என்ற படகு இன்னும் ஓடுகிறதா? அம்மம்மா அந்தப் பெயரைக் கேட்டாலே அழுவார், ஏன் என்று சொல்லமாட்டார். (பாரிஸ்)

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போன குமுதினியை நடுக்கடலில் மறித்து, பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகளும் அதில். அதே படகு பிறகும் பல வருடங்கள் எங்களை ஏற்றிக்கொண்டு போனது, வேறு வழி இருக்கவில்லை. மாவிலித்துறையில் நினைவுத்தூபி இருக்கிறது, ஒவ்வொரு மே மாதமும் அங்கே விளக்கேற்றுவோம். அம்மம்மாவைக் கேட்டுத் துன்பப்படுத்தாதே பிள்ளை. நீ போனால் இறங்கியவுடன் அங்கே ஒரு பூ வை.