ஃபெல்லரில் எந்தப் பாகம், கோல்ட்ஸ்டைனில் எந்தப் பதிப்பு? – கேள்வி பதில்

மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்று, இப்போது நாகமலைப் புதுக்கோட்டையில் உட்கார்ந்திருக்கிறேன். நிகழ்தகவு, இயக்கவியல், பயன்பாட்டுக் கணிதம் இந்த மூன்றிலும் எந்தப் புத்தகத்தைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள். குவாண்டம் புலக் கொள்கையை எட்டிப் பார்த்ததோடு சரி, அதில் என்னை நம்பாதீர்கள்.

உசிலம்பட்டி, எம்.எஸ்சி. புள்ளியியல் முதலாண்டு: சார், குப்தா–கபூர் புள்ளியியல் பாடநூலை முழுக்க முடித்துவிட்டேன். நிகழ்தகவில் அடுத்து எதை எடுப்பது?

முழுக்க முடித்தேன் என்று சொல்கிற ஆளைப் பார்த்தே நாளாயிற்று தம்பி. சூத்திரங்கள் எல்லாம் உங்கள் கைவசம் இருக்கும். ஆனால் அந்தப் புத்தகத்தில் எந்த விடையும் ஆளைத் தூக்கிவாரிப் போடாது. ஃபெல்லரில் போடும். வில்லியம் ஃபெல்லரின் நிகழ்தகவு நூலின் முதல் பாகம் 1950-ல் வந்தது. நீங்கள் 1968-ல் வந்த மூன்றாம் பதிப்பைத் தேடி வாங்குங்கள்.

அதன் மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் சொல்கிறேன். டீக்கடையில் நீங்களும் நண்பரும் 20 தடவை பூவா தலையா போடுகிறீர்கள். தலை விழுந்தால் அவர் உங்களுக்கு ஒரு ரூபாய் தர வேண்டும், பூ விழுந்தால் நீங்கள் அவருக்கு. நாணயத்தில் கோளாறு இல்லை. ஆட்டத்தில் பாதி நேரம் நீங்கள் முந்தியிருப்பீர்கள், மீதி நேரம் அவர் என்றுதானே தோன்றுகிறது? கணக்குப் போட்டால் முன்னிலை பத்துக்குப் பத்து என்று சரிபாதியாகப் பிரிவதற்கு நிகழ்தகவு 0.06தான். எல்லாப் பிரிவுகளிலும் குறைந்தது அதுதான். ஒருவரே கடைசிவரை மேலே இருந்து, மற்றவர் ஒரு தரம்கூட முந்தாமல் போவதற்கு 0.35. மூன்று ஆட்டத்தில் ஒன்றுக்கும் மேல்! (கணக்கு சமமாகிற நேரத்தில், அதற்கு முந்தின வீச்சில் யார் மேலே இருந்தாரோ அவர் பேரில் எழுத வேண்டும்.) வகுப்பில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அவர்களை வராந்தாவுக்கு அனுப்பி நாணயத்தைச் சுண்டச் சொல்வேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை, இன்று இதைப் பல தடவை சொல்வேன்: வாங்குமுன் பாகத்தையும் பதிப்பையும் பாருங்கள். படிக்கிற காலத்தில் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்ததே என்று ஃபெல்லரின் இரண்டாம் பாகத்தை (1966) வாங்கிவந்தேன். அட்டையில் எண் இருந்த இடத்தில் கடைக்காரர் விலைச் சீட்டை ஒட்டியிருந்தார். அது தொடர்நிலை மாறிகளுக்கான பாகம், முதல் பாகத்தைவிட ரொம்பக் கனமானது. ஆறு மாதம் எனக்கு மூளை இல்லையோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபெல்லருக்குப் பிறகு கசெல்லா–பெர்கர், 2002-ல் வந்த இரண்டாம் பதிப்பு. அதையும் தாண்டினால் சி.ஆர். ராவ் 1965-ல் எழுதிய நேரியல் புள்ளியியல் அனுமான நூல். மதிப்பீட்டுக் கணக்கில் அவர் பெயரைத் தாங்கிய கிராமர்–ராவ் எல்லையும் ராவ்–பிளாக்வெல் தேற்றமும் 1945-ல் ஒரே கட்டுரையில் வந்தவை. எழுதியவருக்கு வயது அப்போது 25ஐ ஒட்டித்தான். அந்த நூலை முதலிலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள், திணறிப்போவீர்கள். வேண்டிய இடத்தைத் திறந்து படித்துவிட்டு மூடிவையுங்கள்.

பெங்களூரில் வேலை, சொந்த ஊர் மேலூர்: மெஷின் லேர்னிங்குக்கு வேண்டிய கணக்கு முழுவதும் ஒரே புத்தகத்தில் கிடைக்குமா?

கிடைக்காது. ஹேஸ்டி, டிப்ஷிரானி, ஃப்ரீட்மன் மூவரும் எழுதிய புள்ளியியல் கற்றல் நூலின் இரண்டாம் பதிப்பை (2009) ஆசிரியர்களே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அணிகளில் (மேட்ரிக்ஸ்) தடுமாற்றம் இருந்தால் அதை முதலில் சரிசெய்துகொண்டு வாருங்கள்.

பெயர் வேண்டாம்: ஜாக்சன் மின்னியக்கவியல் பி.டி.எஃப். இருந்தால் அனுப்புங்கள் சார்.

இல்லை, இருந்தாலும் அனுப்ப மாட்டேன். நூலகத்தில் எடுப்பதானால் பதிப்பைப் பாருங்கள். 1975-ல் வந்த இரண்டாம் பதிப்பு முழுக்கக் காஸியன் அலகு (சென்டிமீட்டர், கிராம் வைத்த பழைய முறை, மின்காந்தச் சமன்பாடுகளில் 4π வெளிப்படையாக வரும்). 1998-ல் வந்த மூன்றாவதில் முதல் 10 அத்தியாயம் எஸ்.ஐ. அலகு, 11-லிருந்து மறுபடி காஸியன். இது தெரியாமல் பத்தாம் அத்தியாயத்துச் சமன்பாட்டைத் தூக்கிப் பன்னிரண்டில் போட்டுவிட்டு, 4π எங்கே போயிற்று என்று ராத்திரி முழுக்கத் தேடுவீர்கள்.

திருமங்கலம், எம்.எஸ்சி. இயற்பியல்: இயக்கவியலுக்கு கோல்ட்ஸ்டைன் படிப்பதா, லாண்டாவ்–லிஃப்ஷிட்ஸ் படிப்பதா? சீனியர்கள் லாண்டாவ் மட்டும் போதும் என்கிறார்கள்.

லாண்டாவ் இருநூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். பார்க்க ஒல்லி, ஆனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இரண்டு பக்கக் கணக்கு மறைந்திருக்கும். லாண்டாவ் தன்னிடம் சேர வருகிறவர்களுக்கு வைத்த தேர்வில் சுமார் முப்பது வருடத்தில் தேறியவர்கள் 43 பேர். அந்தக் கூட்டத்துக்காக எழுதிய தொடர் அது. முதல் தடவைக்கு கோல்ட்ஸ்டைன் எடுங்கள் அம்மா, பிறகு லாண்டாவ்.

கோல்ட்ஸ்டைனிலும் பதிப்பு பாருங்கள். 1980-ல் வந்த இரண்டாம் பதிப்பில், ஒருங்கா கட்டுப்பாடுகள் (நான்ஹோலோனாமிக் என்று உங்கள் வகுப்பில் சொல்வார்கள்) சரியாகவே இருந்தன. மூன்றாம் பதிப்பின் முதல் அச்சுகளில் 2.4-ஆம் பிரிவில் சறுக்கிவிட்டார்கள். 2005-ல் ஃப்ளானரி என்பவர் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸில் அதை விரிவாக எடுத்துக்காட்டினார்.

விஷயம் இதுதான். ஒரு மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் உருளும், பக்கவாட்டில் நகராது. அதாவது அந்த நொடியில் பக்கத் திசையில் வேகம் சுழி. ஆனால் இதனால் வண்டி எந்த இடத்துக்கும் போக முடியாமல் ஆகிவிடுமா? ஆகாது. முன்னும் பின்னும் ஒடித்து ஓட்டி, இரண்டு வண்டிக்கு நடுவில் இருக்கிற இடுக்கில்கூடச் செருகிவிடலாம். கட்டுப்பாடு வேகத்துக்குத்தான், இடத்துக்கு இல்லை. இப்படிப்பட்ட கட்டுப்பாட்டை ஒரு பெருக்கியோடு லக்ராஞ்சியனுக்குள் (இயக்க ஆற்றலில் நிலை ஆற்றலைக் கழித்த கோவை) நுழைத்து மாறுபாடு எடுத்தால் தவறான சமன்பாடு வரும். பெருக்கியை விசையாக வலப்பக்கம் எழுத வேண்டும். லாண்டாவில் 38-ஆம் பிரிவைப் பாருங்கள், ஒழுங்காக இருக்கிறது.

கே.புதூர், ஓய்வுபெற்ற இன்ஜினீயர்: மாட்டுவண்டி எதற்கு ஐயா, சித்திரைத் தேரையே எடுத்துக்கொள்ளலாமே? மாசி வீதித் திருப்பத்தில் முட்டுக்கட்டை போட்டுத் திருப்பும்போது சக்கரம் பக்கவாட்டில் இழுபடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் கட்டுப்பாடு அங்கே என்ன ஆயிற்று?

நல்ல கேள்வி. வீதியில் நேராகப் போகும்வரை கட்டுப்பாடு செல்லும். திருப்பத்தில் செல்லாது. அங்கே உராய்வை எழுதாமல் வேலை நடக்காது.

கே.புதூர்: அப்படியானால் உதாரணம் தவறுதானே?

நான் சொன்னது மாட்டுவண்டி. தேரைக் கொண்டுவந்தது நீங்கள்.

தெற்கு மாசி வீதி: சார், எங்கள் தாத்தா கட்டை போட்டவர். ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் அது நின்றுவிடும், மறுபக்கம் சுற்றிவரும். இழுபடவே இழுபடாது.

இருவரும் சொல்வதில் பாதி பாதி சரி. ஒரே ஒரு அச்சு இருந்து, இரண்டு சக்கரமும் தனித்தனியாகச் சுழன்றால், நின்ற சக்கரத்தை மையமாக வைத்து மறுசக்கரம் வட்டம் போடும். பக்கவாட்டு இழுபறி வேண்டியதில்லை. மாட்டுவண்டி அப்படித்தான் திரும்புகிறது. தேருக்கு முன்னால் ஒரு அச்சு, பின்னால் ஒரு அச்சு, இரண்டும் ஒன்றுக்கொன்று இணை, இரண்டும் திரும்பாதவை. திருப்பத்தில் ஒவ்வொரு சக்கரமும் இழுபடாமல் உருள வேண்டுமானால் சுழற்சியின் மையம் இரண்டு அச்சின் நீட்சியிலும் ஒரே சமயத்தில் விழ வேண்டும். இணைகோடுகள் சந்திக்குமா? சந்திக்காது. ஆகவே ஏதாவது ஒரு ஜோடி தேய்ந்தே தீரும். தாத்தா முன்சக்கரத்தைப் பார்த்திருப்பார், இன்ஜினீயர் ஐயா பின்சக்கரத்தைப் பார்த்திருப்பார். முட்டுக்கட்டை போடுகிறவருடைய திறமை, எந்த ஜோடி எவ்வளவு தேயலாம் என்று பார்த்து வைப்பதில் இருக்கிறது. இதற்கு லக்ராஞ்சியன் எழுதுகிற ஆள் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

கே.புதூர்: நான் பார்த்தது முன்சக்கரம்தான்.

சரி. வருகிற சித்திரையில் திருப்பத்தில் நின்று பார்ப்போம். அடுத்த கேள்வி.

மூன்று பேர் தனித்தனியாக (ஆண்டிப்பட்டி, விருதுநகர், அனுப்பானடி): சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்கு எந்தக் கைடு நல்லது?

கைடு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பழைய கேள்வித்தாள்களைப் போடுங்கள்.

திருப்பரங்குன்றம், கல்லூரி ஆசிரியை: பாய்ம நிலைத்தன்மை பற்றி ஒரு தாள் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சந்திரசேகரின் 1961 நூல் இன்னும் செல்லுபடியாகுமா, பழசாகிவிட்டதா?

தாராளமாகச் செல்லும். டோவர் மறுபதிப்பு மலிவு. மெல்லிய திரவ அடுக்கை அடியிலிருந்து சூடாக்கினால் எப்போது புரளத் தொடங்கும் என்ற முதல் பகுதி ஒன்றே தாளின் பாதிக்குப் போதும். மேலும் கீழும் திடத் தகடு இருந்தால் ரேலி எண் (பாகுத்தன்மையும் வெப்பக் கடத்தலும் தடுப்பதை மிதப்பு விசை எவ்வளவு மீறுகிறது என்ற அளவு) 1708-ல் புரளும். மேல்பக்கம் திறந்திருந்தால் 1101. ஆனால் வகுப்பில் எண்ணெய்ச் சட்டியை உதாரணம் காட்டும்போது கவனம் வேண்டும். மெல்லிய அடுக்காக, மேலே திறந்து இருக்கிற எண்ணெயில் பெனார் என்ற ஆய்வாளர் பார்த்த அறுகோணக் கட்டங்களுக்கு மிதப்பு விசையைவிடப் பரப்பு இழுவிசைதான் காரணம். அதைப் பியர்சன் 1958-ல் சொல்லிவிட்டார். கெட்டிக்காரப் பையன் ஒருவன் கட்டாயம் கேட்பான்.

அலங்காநல்லூர், பிளஸ் டூ: எனக்கு ஸ்ட்ரிங் தியரி படிக்க ஆசை. எந்தப் புத்தகம் வாங்க வேண்டும் ஐயா?

இப்போது எதையும் வாங்க வேண்டாம் தம்பி. ஃபைன்மன் விரிவுரைகள் மூன்று பாகமும் கால்டெக் தளத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. முதல் பாகத்தில் மாதம் இரண்டு அத்தியாயம் போதும். காகிதப் புத்தகம்தான் பிடிக்கும் என்றால் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். ஆசையை விடாதீர்கள். புரியாமல் போனால் எனக்கு எழுதுங்கள், உங்களுக்கு மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் பதில் உண்டு.

வாடிப்பட்டி: ஜாக்சன் பி.டி.எஃப்…

மேலே பாருங்கள்.

தமிழாசிரியர், சோழவந்தான்: இந்த மட்டத்து நூல்கள் தமிழில் ஏன் இல்லை?

பட்டப்படிப்பு மட்டத்தில் இருந்தன ஐயா. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970-களில் கல்லூரிக் கணக்கு, இயற்பியல் நூல்களைத் தமிழில் போட்டது. அதற்கு மேல் போகவில்லை. என் பங்குக்கு வகுப்பில் ஃபெல்லரைத் தமிழில்தான் விளக்குவேன். "பூவா தலையா" என்று சொன்னதும் பின்வரிசை நிமிர்ந்து உட்காரும்.

விருதுநகர்: கைடு பற்றி மறுபடி…

இல்லை.

உசிலம்பட்டி: சார், இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். 20 வீச்சில் 18-ல் நான் மேலே, 2-ல் தம்பி மேலே. நாணயத்தில் கோளாறு என்று தம்பி சண்டை பிடிக்கிறான். வேறு நாணயம் மாற்றவா?

மாற்ற வேண்டாம். 18–2 அல்லது அதைவிட ஒருதலையாக, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, வருவதற்கு நிகழ்தகவு 0.538. பாதிக்கு மேல். தம்பியிடம் காசை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் 0.538 எப்படி வந்தது என்று அவனுக்குப் போட்டுக் காட்டிய பிறகு.